பொம்மைப் படத்தில் கேட்ட மன்னிப்பு

அக்கா மகனுக்கு அப்போது ஒன்பது வயது. அக்காவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து ஓய்வு தேவைப்பட்டதால் ஆறு வாரம் என்னோடு தங்கியிருந்தான். சாயங்காலம் நான் சோபாவின் ஒரு முனையில் அலுவலகக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மறுமுனையில் அவன் 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' பார்த்துக்கொண்டிருப்பான். தலையில் நீல அம்புக்குறி போட்ட மொட்டைப் பையன் காற்றில் பறக்கிறான் என்பதற்கு மேல் எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. முதல் வாரம் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். இரண்டாம் வாரம் ஒரே வரியை மூன்று முறை கூட்டினேன். மூன்றாம் வாரம் மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு, "இவன் யாரு, ஏன் எப்பப் பாத்தாலும் கோபமா இருக்கான்?" என்று கேட்டேன்.

அவன் கை காட்டியது ஸூக்கோ என்ற இளவரசனை. பெற்ற அப்பாவே முகத்தைச் சுட்டு நாட்டைவிட்டு விரட்டிய பையன். அவனோடு கிளம்பிப் போன உறவு என்றால் பெரியப்பா ஐரோ ஒருவர்தான். தேநீர் என்றால் உயிரை விடும் மனிதர். தம்பி மகன் எரிந்து விழும்போதெல்லாம் பொறுத்துப்போகிறவர். இரண்டாம் சீசன் முடியும்போது ஸூக்கோ அந்தப் பெரியப்பாவையே கைவிட்டுத் தங்கை பக்கம் போய்விடுகிறான். அவர் சிறைக்குப் போகிறார்.

இது நிக்கலோடியன் தொலைக்காட்சி 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்து எடுத்த தொடர். 2005 பிப்ரவரியில் ஆரம்பித்து 2008 ஜூலையில் முடிந்தது. 3 சீசன், 61 எபிசோட். நாங்கள் கடைசி எபிசோடுகளுக்கு வந்தது அவன் ஊருக்குக் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது. அதில் ஸூக்கோ பெரியப்பாவின் கூடாரத்தைத் தேடி வருகிறான். வெளியே கொஞ்ச நேரம் தயங்கி நிற்கிறான். உள்ளே போனால் அவர் குறட்டை விட்டுத் தூங்குகிறார். எழுப்பாமல், விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். அவர் எழுந்து, முதுகைக் காட்டியபடியே இருக்கிறார். அவன் திக்கித் திக்கி மன்னிப்புக் கேட்க ஆரம்பிக்கிறான். அவன் சொல்லி முடிப்பதற்குள், கையை நீட்டி அவனை இழுத்துக் கட்டிக்கொள்கிறார். உன்மேல் எனக்குக் கோபமே இருந்ததில்லை, நீ வழிதவறிப் போய்விட்டாயோ என்றுதான் பயந்தேன் என்கிறார்.

அக்கா மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அவருக்குத்தான் கோபமே இல்லையே சித்தி, அப்புறம் ஏன் அவன் ராத்திரி முழுக்க உக்காந்திருந்தான்?"

"அது அவனுக்குத் தெரியாதுல்ல?"

"எழுப்பிக் கேட்டிருக்கலாம்ல?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும் என் அண்ணனும் பேசி அன்றைக்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அம்மாவின் கடைசி வாரத்தில் வென்டிலேட்டர் வைப்பதா வேண்டாமா என்று மருத்துவர் கேட்டார். அண்ணன் வேண்டாம் என்றான். நான் வராந்தாவில், அக்கா, உறவுக்காரர்கள் எல்லோர் முன்னாலும், "உனக்குச் செலவுதான் பெருசு" என்றேன். அவன் பதில் பேசவில்லை. கருவியெல்லாம் மாட்டி வைக்காதே என்று அம்மாவே அவனிடம் முன்பு சொல்லியிருந்தது எனக்குப் பல மாதம் கழித்து அக்கா சொல்லித்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என்ன சொல்வான் என்ற பயம். நல்லது கெட்டதெல்லாம் அக்கா வழியாகத்தான் போய் வந்தது.

பெரியவர்கள் ஏன் சின்னப் பிள்ளைகளின் பொம்மைப் படத்துக்கு இப்படி ரசிகர்களாகிறார்கள் என்று கேட்டால், 'சின்ன வயசு ஞாபகம்' என்று எல்லோரும் சொல்வார்கள். சிலருக்கு அது சரியாக இருக்கலாம். எனக்குப் பொருந்தாது. நான் பள்ளியில் படித்த காலத்தில் இந்தத் தொடர்கள் எதுவுமே இல்லை. முப்பத்தெட்டு வயதில் முதன்முதலாகப் பார்த்தேன். என்னைப் பிடித்து உட்காரவைத்தது வேறு. இந்தப் படங்களில் தப்பு செய்தவர் அதை வாயால் சொல்கிறார். கேட்டவர் அதை ஏற்றுக்கொள்கிறார், அல்லது இன்னும் வலிக்கிறது என்கிறார். இரண்டு பேரும் அடுத்து என்ன செய்கிறார்கள் என்பதுவரை காட்டுகிறார்கள். பெரியவர்களுக்கான நாடகத்தில் ஒரு சண்டை தீர்ந்தால் கதையே தீர்ந்துவிடும். அதனால் அதை இழுத்துக்கொண்டே போவார்கள். குழந்தைக்குக் கதை சொல்கிறவர் அப்படி விட முடியாது. அது அன்றைக்கு ராத்திரி தூங்க வேண்டும். ஆகவே பிணக்கு எப்படித் தீர்கிறது என்பதை ஒரு படிகூட விடாமல் காட்டியாக வேண்டும். அந்தப் படிகளை வளர்ந்த பிறகு நமக்கு யாரும் காட்டுவதே இல்லை. சொல்லாமலே புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம், எதிராளியும் அதையே எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

அதே தொடரில் இன்னொரு இடம். ஐரோ ஒரு நாள் முழுக்க ஊரில் யார் யாருக்கோ ஆறுதல் சொல்லிக்கொண்டு திரிகிறார். அழுகிற ஒரு குழந்தைக்குப் பாட்டுப் பாடிச் சிரிக்கவைக்கிறார். சாயங்காலம் ஒரு குன்றின் மேல் மரத்தடியில், போரில் இறந்துபோன மகனின் படத்தை வைத்து, அதே பாட்டைப் பாட முயல்கிறார். குரல் உடைகிறது. அந்தப் பகுதி முடிந்ததும் மாக்கோவின் நினைவாக என்று ஒரு வரி வரும். ஐரோவுக்குக் குரல் கொடுத்த நடிகர் மாக்கோ 2006 ஜூலையில் இறந்திருந்தார். அக்கா மகன் அந்த வரியைக் கவனிக்கவில்லை. அவனுக்கு அது ஒரு தாத்தா அழுகிற இடம். எனக்கு, அம்மாவின் அலமாரியை ஒழித்த நாள். ஒரே காட்சி இரண்டு பேருக்கும் முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

கார்ட்டூன் என்றாலே குழந்தைக்கு என்று ஒதுக்கியதும் ரொம்ப காலத்து வழக்கம் இல்லை. டாம் அண்ட் ஜெர்ரி 1940-இல் தொடங்கியபோது அது திரையரங்கில், முழுநீளப் படத்தோடு சேர்த்துப் போடுகிற குறும்படம். டிக்கெட் வாங்கி வந்த பெரியவர்கள்தான் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 7 ஆஸ்கர் வாங்கிய வரிசை அது. தொலைக்காட்சி வந்து, 1960-களில் அமெரிக்கச் சேனல்கள் சனிக்கிழமைக் காலையைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய பிறகுதான் கார்ட்டூன் மொத்தமாகச் சின்னவர்கள் பக்கம் போனது.

அடுத்து நான் விழுந்தது 'ப்ளூயி'. ஜோ ப்ரம் உருவாக்கி, 2018 அக்டோபர் 1-இல் ஆஸ்திரேலியாவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர். ஒரு நாய்க் குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பெண் குட்டிகள். ஒரு எபிசோட் ஏழு நிமிடம். 'பைக்' என்று ஒன்று இருக்கிறது. மூத்தவள் ப்ளூயிக்கு சைக்கிள் ஓட்ட வரவில்லை. கோபத்தில் விட்டுவிட்டு அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அப்பா அறிவுரை சொல்வதில்லை. இருவரும் பூங்காவை வேடிக்கை பார்க்கிறார்கள். தங்கை பிங்கோவுக்குக் குடிதண்ணீர்க் குழாயில் பொத்தானை அழுத்தினால் வாய் எட்டவில்லை, வாயை வைத்தால் கை எட்டவில்லை. இன்னொரு குட்டிக்குத் தொங்குகம்பி எட்டவில்லை. ஒரு வாண்டுக்கு முதுகுப்பையை மாட்டத் தெரியவில்லை, அதோடு மல்லுக்கட்டுகிறது. பின்னணியில் பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி இசை மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. தண்ணீர் குடிப்பதும் பை மாட்டுவதும் அந்த இசைக்குத் தகுந்த சாதனைகள் என்று இதை எடுத்தவர்கள் மனசார நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைதான் என்னை அசைத்தது. அலுவலகத்தில் புது மென்பொருள் பிடிபடாமல் நான் திணறிக்கொண்டிருந்த வாரம் அது.

'ஸ்லீப்பிடைம்' என்ற எபிசோடில் பிங்கோ இன்றைக்குத் தனியாக என் கட்டிலிலேயே தூங்குவேன் என்கிறாள். கனவில் கோள்களுக்கு நடுவே மிதக்கிறாள். ஹோல்ஸ்ட் எழுதிய 'ஜூபிட்டர்' இசை வருகிறது. சூரியனின் கதகதப்பு அம்மாவின் கதகதப்பாக மாறுகிறது. இன்னொரு பக்கம், வீட்டில் பிள்ளைகள் கட்டில் மாறி மாறி வந்து படுக்க, பெற்றவர்கள் தூக்கம் கெட்டு அலைகிறார்கள். பிள்ளை கனவைப் பார்க்கும். பெற்றவர்கள் அந்தக் கட்டிலைப் பார்ப்பார்கள். என்னைப் போலப் பிள்ளை இல்லாதவர்கள் தன்னைத் தூங்கவைத்தவர்களை நினைத்துக்கொள்வார்கள்.

முகத்தை எளிமையாக வரைவதற்கும் இதில் பங்கு உண்டு. காமிக்ஸ் கலைஞர் ஸ்காட் மெக்ளவுட் 1993-இல் இதைத் தெளிவாக விளக்கினார்: நுணுக்கமாக வரைந்த முகத்தில் நாம் வேறொருவரைப் பார்க்கிறோம், இரண்டு புள்ளியும் ஒரு கோடுமாக வரைந்த முகத்தில் நம்மையே பொருத்திப் பார்க்கிறோம். ஒரு நடிகர் அழுதால் 'நன்றாக அழுகிறார்' என்ற நினைப்பு ஓரத்தில் இருக்கும். வரைந்த நாய்க்குட்டி அழும்போது அந்த நினைப்புக்கே இடமில்லை.

இனி, இத்தனை வருஷத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்டவை.

பிள்ளையோடு சேர்ந்து பார்க்கும்போது ரிமோட் பிள்ளையின் கையில் இருக்கட்டும். நான் இதில் சறுக்கினேன். அக்கா மகன் மறுபடி தங்க வந்தபோது, அவனுக்குப் பிடித்த சண்டை எபிசோடைப் போடவிடாமல், "இதுதான் முக்கியமானது, இதைப் பாரு" என்று நான் ரசித்ததைப் போட்டேன். நடுநடுவே நிறுத்தி விளக்கமும் சொன்னேன். மூன்று நாள் அவன் ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள், "எனக்குப் பாக்க வேணாம் சித்தி, நீங்க பாருங்க" என்று எழுந்து போய்விட்டான். அவனுடைய இடத்தில் நான் வந்து உட்கார்ந்துகொண்டு அவனையே விருந்தாளி ஆக்கிவிட்டேன். அவனிடம் சென்று, "நீ போட்டத நான் போடவிடல, அது தப்பு" என்று சொன்னேன். இரண்டு நாள் ஆனது அவன் திரும்பி வந்து உட்கார. அதன்பிறகு அவன் கேட்டால் மட்டும் பேசுகிறேன். கேட்காத விளக்கம் ஒன்றுகூட வேண்டாம். முன்னாலேயே பார்த்திருந்தாலும் அடுத்து நடப்பதை முகத்தில்கூடக் காட்டக்கூடாது.

யாராவது வந்தால் 'பிள்ளைக்காகப் போட்டது' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பொய்யை விட்டதே பெரிய நிம்மதி. பிடித்திருக்கிறது, பார்க்கிறேன், அவ்வளவுதான். இதைச் சாதாரணமாகச் சொன்னால் கேட்பவரும் சாதாரணமாகவே எடுத்துக்கொள்கிறார். அலுவலகத்தில் என்னோடு வேலை செய்கிறவர், ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கும், நான் சொன்ன மறுநாள் மதியம் தன் பேத்தியோடு தான் பார்க்கிற தொடரைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். அவரோடு பத்து வருஷத்தில் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

இன்னொன்று கொஞ்சம் கனமானது. அக்கா மகன் ஊருக்குப் போன பிறகு தனியாகப் பார்க்க ஆரம்பித்தேன். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும். இரவு இரண்டு மணி, மூன்று மணி. அம்மா போன துக்கத்தை நான் அதுவரை முழுசாகத் தொடவில்லை. தொடாமலிருக்க இது வசதியாக இருந்தது. ஒருநாள் முந்தைய ராத்திரி என்ன பார்த்தேன் என்று யோசித்தால் ஒன்றும் நினைவில் இல்லை. அதுதான் எனக்குக் கிடைத்த அடையாளம். ரசித்துப் பார்த்தது மனதில் தங்கும். மரத்துப்போகப் பார்த்தது தங்காது. அன்றைக்குத் தானாக ஓடுகிற வசதியை அணைத்தேன். ஒரு நாளைக்கு இரண்டு எபிசோட். பார்த்து முடித்ததும் திரையை அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பேன். முதல் வாரம் அந்தப் பத்து நிமிஷத்தில் அழுகைதான் வந்தது. அது வர வேண்டிய அழுகை. துக்கம் இதற்கும் அடங்காமல் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுத்தால், அதை மனநல ஆலோசகரிடம் பேச வேண்டும். நான் நான்கு முறை போனேன்.

பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். களைத்து வருகிற நாளில் முடிவு தெரிந்த கதையைவிட இதமானது வேறில்லை. குழந்தைகள் ஒரே கதையை நூறு தடவை கேட்பதும் அதற்காகத்தான்.

ரசிகர் கூட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'மை லிட்டில் போனி: ஃப்ரெண்ட்ஷிப் இஸ் மேஜிக்' 2010 அக்டோபரில் தொடங்கியபோது அது சின்னப் பெண் குழந்தைகளுக்கான பொம்மை வரிசையை ஒட்டி வந்த தொடர். அதை உருவாக்கிய லாரன் ஃபாஸ்ட், கூட உட்கார்ந்து பார்க்கிற பெற்றோருக்கும் சலிக்கக்கூடாது என்று நினைத்தார். வந்து சேர்ந்ததோ இளைஞர்களும் நடுவயது ஆண்களும். 'ப்ரோனி' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். 2011 முதல் 2019 வரை ப்ரோனிகான் என்று மாநாடே நடந்தது. 2015-இல் வந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். அந்தக் கூட்டத்தில் நட்பு கிடைத்தவர்கள், படம் வரையக் கற்றவர்கள், இசையமைக்க ஆரம்பித்தவர்கள் ஏராளம். அதே கூட்டத்தில் சிலர் அந்தக் குதிரைக்குட்டிகளை வைத்துப் ஆபாசப் படங்களை வரைந்து பொதுவில் போட்டதும் நடந்தது. ஆறு வயதுக் குழந்தை தனக்குப் பிடித்த பாத்திரத்தின் பெயரைத் தட்டித் தேடினால் எது கண்ணில் படும் என்று யோசித்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிள்ளைகளின் வீட்டுக்குள் நாம் வந்திருக்கிறோம். அவர்கள் கண்ணில் படக்கூடாததை அங்கே வைக்கக்கூடாது.

ப்ளூயியில் பிள்ளைகளுக்குக் குரல் கொடுத்த குழந்தைகளின் பெயர்களைத் தயாரிப்பாளர்கள் வெளியிடுவதில்லை. அவர்கள் நிம்மதியாக வளரட்டும் என்பதற்காக. அதைத் துருவிக் கண்டுபிடிக்க முயல்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். கதை நாம் நினைத்தபடி முடியவில்லை என்று எடுத்தவர்களைத் திட்டி எழுதுவதும் அப்படித்தான். ஏழு வயதுப் பிள்ளைக்குச் செய்த முடிவு அது; அந்தப் பிள்ளைக்கு அது சரியாக இருந்ததா என்பதுதான் கேள்வி.

பொம்மை, சட்டை, கோப்பை வாங்குகிற ஆசை வந்தால் பெயரை எழுதிவைத்துவிட்டு ஒரு மாதம் பொறுங்கள். என் பட்டியலில் பதினொன்று எழுதினேன், வாங்கியது இரண்டு.

சரி, அண்ணன் விஷயம். அந்தக் கூடாரக் காட்சியைப் பார்த்த பிறகும் எனக்கு நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதத்தில் அந்த எபிசோடைப் பல முறை பார்த்தேன், முக்கியமாக ஸூக்கோ எப்படிக் கேட்கிறான் என்பதற்காக. அவன் காரணம் சொல்வதில்லை. அப்பா மிரட்டினார், தங்கை ஏமாற்றினாள் என்று எத்தனையோ சொல்லலாம், சொல்வதில்லை. செய்ததை நினைத்து வெட்கப்படுகிறேன், வருந்துகிறேன் என்கிறான். சாக்குச் சொல்கிற 'ஆனால்' ஒன்றுகூட வராது. நான் எழுதிப் பார்த்த வாக்கியங்களில் எல்லாம் அந்த ஆனால் இருந்தது. அன்னைக்கு நான் தூங்கி மூணு நாள், ஆனால். நீ முன்னாடியே சொல்லியிருந்தா, ஆனால். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தேன்.

"அண்ணா, ஆஸ்பத்திரி வராந்தாவில நீ பணத்துக்காகத்தான் வேண்டாங்கிறன்னு நான் சொன்னேன். அது பொய். எல்லார் முன்னாடியும் சொன்னேன். தப்பு பண்ணிட்டேன்."

மறுபக்கம் தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "ம்" என்றான். "அக்காவுக்குக் காலு வலி எப்படி இருக்கு?" என்று கேட்டான். அக்காவைப் பற்றிப் பேசினோம். வைத்துவிட்டான்.

யாரும் இழுத்துக் கட்டிக்கொள்ளவில்லை. பொம்மைப் படத்தில் 22 நிமிஷத்தில் நடக்கிறது வீட்டில் அந்த வேகத்தில் நடக்காது. அதை எதிர்பார்த்து மன்னிப்புக் கேட்டால், கேட்டதே வீண் என்று தோன்றிவிடும். எனக்கும் அன்றைக்குத் தோன்றியது. ஆனாலும் அடுத்த ஞாயிறு கூப்பிட்டேன். அதற்கடுத்த ஞாயிறும். ஏழாவதோ எட்டாவதோ வாரம் அவனே கூப்பிட்டான். வராந்தாவைப் பற்றி அவன் பேசியது ஒரு வருஷம் கழித்து, அம்மாவின் நினைவு நாளில். அன்னைக்கு ரொம்ப வலிச்சுது என்றான். தெரியும் என்றேன். அவ்வளவுதான் பேசினோம், அது போதுமானதாக இருந்தது.

போன மாதம் அவன் வீட்டில் இருந்தேன். அண்ணன் மகளுக்கு ஐந்து வயது. "அத்தை, எது போடட்டும்?" என்றாள். உனக்குப் பிடித்ததைப் போடு என்றேன். தேடித் தேடி 'பைக்' எபிசோடைப் போட்டாள். பிங்கோ குழாயோடு போராடிக்கொண்டிருக்கும்போது அண்ணன் வேலை முடிந்து உள்ளே வந்தான். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. தோளில் மாட்டிய பையைக் கழற்றாமல், செருப்பை ஒரு காலில் மட்டும் கழற்றியபடி, கதவோரமாகவே நின்றான். பிங்கோ வாயில் தண்ணீர் விழும்வரை நின்றான். அப்புறம் மற்றொரு செருப்பையும் கழற்றிவிட்டு, "கொஞ்சம் தள்ளு" என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.